டெய்ஸி மில்லரும் ஊர்வாயும்

1877-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரோம் நகரில் ஒரு நண்பர் பேச்சுவாக்கில் சொன்ன சங்கதியிலிருந்து பிறந்தது அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸின் ‘டெய்ஸி மில்லர்’ குறுநாவல். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். தாய் வெள்ளந்தி, வெளியுலகம் அறியாதவர். ஓட்டல் ஓட்டலாக மாறிக்கொண்டே போன அந்தப் பயணத்தில் மகளுக்கு எங்கோ வழியில் அழகான ரோமானிய இளைஞன் ஒருவன் பழக்கமானான். அவன் யார், எந்தக் குடும்பம் என்று எவருக்கும் தெரியாது. அவளோ ஒளிவுமறைவே இல்லாமல் அவனைப் போகிற இடமெல்லாம் அழைத்துப் போனாள், பார்த்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தாள். பிறகு ஏதோ ஒரு சின்ன முகச்சுளிப்பு, ஏதோ ஓர் இடைஞ்சல். கதை அத்தோடு சரி.

சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, தம் படைப்புகளின் நியூயார்க் பதிப்புக்கு முன்னுரை எழுத உட்கார்ந்த ஜேம்ஸ் இந்தப் பேச்சை நினைவுகூர்கிறார். அந்த இடைஞ்சல் என்ன என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. அந்தத் தாய், மகள் பற்றி அதற்கு முன்போ பின்போ அவர் எதுவும் கேள்விப்பட்டதும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசியது ஞாபகத்தில் நிற்கிறது. எதற்காகப் பேசியது என்பது நிற்கவில்லை. ஊர்ப்பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் மிஞ்சுகிறது.

ஜேம்ஸ் கதையை ரோமில் தொடங்கவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் வெவே என்ற ஊரில், ‘த்ருவா குரோன்’ ஓட்டலின் தோட்டத்தில் தொடங்குகிறார். 1842-இல் திறந்த அந்த ஓட்டல் இன்றைக்கும் அதே கரையில் விருந்தினர்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கதை நடக்கும் காலத்தில் கோடை வந்தால் அங்கே அமெரிக்கர் கூட்டம்தான். சர்க்கரைக் கட்டி கேட்டு நச்சரிக்கும் ஒன்பது வயது ராண்டால்ஃபை முன்னிட்டு, அவன் அக்கா டெய்ஸியோடு விண்டர்போர்னுக்குப் பேச்சு தொடங்குகிறது. விண்டர்போர்ன் 27 வயது அமெரிக்கன், நெடுங்காலமாக ஜெனிவாவில் வாசம். முறையாக யாரும் அறிமுகம் செய்யாமல் ஒரு குமரிப் பெண்ணிடம் பேசுவது ஜெனிவாவில் கூடாது. டெய்ஸிக்கு அந்தக் கூச்சமே இல்லை. தன் ஊரான ஸ்கெனெக்டடியைவிட நியூயார்க் நகரில் தனக்கு ஆண் நண்பர்கள் அதிகம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அறிமுகமாகி அரை மணி நேரத்துக்குள் ஷில்லோன் கோட்டைக்கு அவனோடு போவதென்று பேச்சாகிவிடுகிறது. இரண்டொரு நாளில் தாயும் துணையும் இல்லாமல் நீராவிப் படகேறிப் போய்வரவும் செய்கிறாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்நாளைய அமெரிக்கச் சிற்றூர்களில் வயசுப் பெண் ஒருத்தி தெரிந்த இளைஞனோடு குதிரை வண்டியில் உலாவப் போவது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமாக இல்லை. பிரெஞ்சுக்காரர் தொக்வில், அமெரிக்காவைப் பற்றிய தம் நூலின் 1840-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பெண் சிறுவயதிலேயே தாயின் கட்டுக்காவலிலிருந்து விடுபடுகிறாள், தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பழகுகிறாள், அதே பெண் மணமானதும் ஐரோப்பிய மனைவியைவிட இறுக்கமான கட்டுக்குள் போய்விடுகிறாள் என்பது அவர் கணிப்பு. ஐரோப்பிய மேல்தட்டில் முறை தலைகீழ். அங்கே கன்னிப்பெண் வீட்டைத் தாண்டினால் பின்னால் ஒரு மூத்த பெண்மணி வந்தாக வேண்டும். திருமணம் ஆன பிறகுதான் சற்றே மூச்சுவிட இடம். இரண்டு ஏற்பாட்டிலும் பெண்ணுக்கு ஒரு கட்டு உண்டு, ஒரு அவிழ்ப்பு உண்டு. எந்த வயதில் எது என்பதில்தான் வித்தியாசம். கட்ட வேண்டிய வயதில் அவிழ்ந்து திரிகிறாளே என்பதுதான் டெய்ஸியைக் கண்டவர்களின் திகைப்பு.

திகைத்தவர்கள் யார் என்பதை ஜேம்ஸ் கவனமாகக் காட்டுகிறார். ரோமானியர்கள் இல்லை. கதையில் டெய்ஸியைத் தீர்ப்பிடுகிற ஒவ்வொருவரும் அமெரிக்கர். விண்டர்போர்னின் அத்தை திருமதி காஸ்டெல்லோ நியூயார்க் மேட்டுக்குடி. மில்லர் குடும்பம் தங்களுக்குப் பயண உதவியாளனாக வந்த யூஜினியோவைச் சரிசமமாக நடத்துகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, டெய்ஸியைப் பார்க்கவே மறுத்துவிடுகிறார். திருமதி வாக்கர் ஜெனிவாவில் இருந்துவிட்டு ரோமில் வீடெடுத்து விருந்து நடத்துகிறவர். பணம் இருக்கிறது, ஐரோப்பாவில் வேர் இல்லை. அந்த ஊர்ப் பிரபுக்கள் எங்கே தங்களைத் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற நடுக்கம் இவர்களுக்கு. அரசனை விஞ்சிய அரச விசுவாசிகள் என்பார்களே, அந்த ரகம். இவர்களை ஜேம்ஸ் நேரில் அறிவார். 1869-இலும் 1873 குளிர்காலத்திலும் ரோமில் இருந்தபோது, பார்பெரினி மாளிகையில் குடியிருந்த சிற்பி வில்லியம் வெட்மோர் ஸ்டோரி போன்றவர்களைச் சுற்றி உருவான அமெரிக்கக் குடியிருப்போடு பழகியவர் அவர்.

ரோமில் நடக்கும் சம்பவங்களில் மறக்க முடியாதது பிஞ்சோ தோட்டத்துக் காட்சிதான். மாலை நேரம், ஊரே உலாவ வரும் இடம். திருமதி வாக்கரின் வீட்டிலிருந்து டெய்ஸி நடந்தே புறப்படுகிறாள். அங்கே ஜோவனெல்லி என்ற அழகான இத்தாலியன் காத்திருக்கிறான். விண்டர்போர்னும் கூடவே போகிறான். ஆக ஒரு பெண், இருபுறமும் இரண்டு ஆண்கள், பட்டப்பகல், நூற்றுக்கணக்கான கண்கள். சற்று நேரத்தில் திருமதி வாக்கரின் வண்டி வந்து நிற்கிறது. ஐம்பது பேர் பார்த்துவிட்டார்கள் என்று அவர் பதறுகிறார். வண்டியில் ஏறிக்கொள், அரை மணி நேரம் என்னோடு சுற்றினால் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. டெய்ஸிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு வருகிறது. நடப்பது தவறென்றால் தான் முழுக்க முழுக்கத் தவறானவள்தான் என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்கிறாள்.

இந்த இடத்தில் திருமதி வாக்கரைக் கொடுமைக்காரி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் செய்ய வந்தது உதவி. தம் பெயருக்குக் குந்தகம் வந்தாலும் வரட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். ஆனால் அந்த உதவியை வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் டெய்ஸி முதலில் தான் கெட்டுப்போனதாக ஒப்புக்கொண்டாக வேண்டும். அவள் மறுத்தது வண்டியை இல்லை, அந்த ஒப்புதலைத்தான். உதவி மறுக்கப்பட்டதும் அது வன்மமாக மாற அதிக நாள் ஆகவில்லை. சில நாள் கழித்து வாக்கர் வீட்டு விருந்துக்கு டெய்ஸி தாயை முன்னால் அனுப்பிவிட்டு, இரவு பதினோரு மணிக்கு மேல் ஜோவனெல்லியோடு வந்து சேர்கிறாள். விடைபெறும் வேளையில் திருமதி வாக்கர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். டெய்ஸியின் முகம் வெளுக்கிறது. எதுவும் உறைக்காத பெண் என்று அதுவரை எண்ணியவர்களுக்கும் அந்த வெளுப்பு தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு எந்த அமெரிக்க வீட்டிலிருந்தும் அவளுக்கு அழைப்பு இல்லை.

விண்டர்போர்னின் நிலைதான் விசித்திரம். ஷில்லோன் கோட்டைக்குத் தனியாக அழைத்துப் போனவன் அவன். அதையே ஜோவனெல்லி செய்தால் மட்டும் அவனுக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. இவனுக்கு ஜெனிவாவில் வயதில் மூத்த அந்நியப் பெண் ஒருத்தியோடு தொடர்பு என்று கதையின் முதல் பக்கங்களிலேயே ஒரு வதந்தி வருகிறது. அந்த வதந்தியால் அவனுக்கு ஒரு விருந்தும் நின்றுபோகவில்லை. ஆணைப் பற்றிய வதந்தி கதைக்கு மெருகு, பெண்ணைப் பற்றியது தண்டனை. ஜேம்ஸ் இதை விளக்கிச் சொல்லாமல் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். டெய்ஸி களங்கமில்லாதவளா, கைகாரியா என்ற கேள்வியை மாதக்கணக்கில் மனதில் உருட்டிக்கொண்டிருக்கும் விண்டர்போர்ன், ஒரு நிலா இரவில் கொலோசியத்துக்குள் அவளும் ஜோவனெல்லியும் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் தீர்ப்பெழுதிவிடுகிறான். மரியாதை கொடுக்கத் தேவையில்லாத பெண் என்று முடிவாகிறது. முடிவானதில் அவனுக்கு ஒரு நிம்மதி வேறு. புத்தகத்திலேயே மிகவும் அருவருப்பான வரி அந்த நிம்மதியைச் சொல்லும் வரிதான்.

கொலோசியம் அந்த நாளில் வெறும் சுற்றுலாத் தலமில்லை, மலேரியாக் காய்ச்சலால் உயிருக்கு ஆபத்தான இடம். 1855-இல் ரிச்சர்ட் டீகின் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த இடிபாடுகளில் மட்டும் 420 வகைச் செடிகொடிகளைக் கணக்கெடுத்தார். 1870-க்குப் பிறகு ரோம் இத்தாலியின் தலைநகரானதும் அவற்றை வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சல் மட்டும் போகவில்லை. இரவுக் காற்றில் விஷம் கலந்திருப்பதாகத்தான் ஜேம்ஸின் பாத்திரங்கள் நம்புகிறார்கள். கதை வெளிவந்து இரண்டு ஆண்டுக்குப் பின், 1880-இல் லவெரான் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணி பார்த்த ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு இத்தாலியில் கிராஸி, மனிதருக்கு அதைக் கொண்டுவருவது அனாஃபிலிஸ் கொசு என்று நிறுவினார். அந்தக் கொசு கடிப்பது அந்தியிலிருந்து விடியும் வரை. ஆக இரவில் வெளியே போகாதே என்ற பாட்டி வைத்தியம் தப்பில்லை. ஆனால் கதையில் அந்த எச்சரிக்கையும் மானத்தைப் பற்றிய எச்சரிக்கையும் ஒரே குரலில், ஒரே ஆட்களின் வாயிலிருந்து வருகின்றன. ஒன்றை உதறிய பெண் மற்றதையும் உதறிவிடுகிறாள்.

டெய்ஸி ஒரு வாரக் காய்ச்சலில் சாகிறாள். படுக்கையிலிருந்து தாயிடம் மூன்று முறை சொல்லி அனுப்பியது ஒரே செய்திதான்: ஜோவனெல்லியோடு தனக்கு நிச்சயதார்த்தம் எதுவும் ஆகவில்லை, ஷில்லோன் போன நாள் விண்டர்போர்னுக்கு ஞாபகம் இருக்கிறதா. கீட்ஸும் ஷெல்லியும் அடங்கியிருக்கும் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைக்கிறார்கள். அவள் களங்கமே இல்லாதவள் என்று குழியருகே நின்று சொல்பவன், ஊர் அயோக்கியன் என்று தள்ளிய ஜோவனெல்லி. கேட்டுக்கொண்டு நிற்பவன் விண்டர்போர்ன்.

கதையை ஜேம்ஸ் முதலில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் திரும்பி வந்தது. அமெரிக்கப் பெண் குலத்தையே இழிவுபடுத்தியதாக ஆசிரியர் நினைத்திருக்கலாம் என்று ஒரு நண்பர் காரணம் ஊகித்தார். லண்டனில் ‘கார்ன்ஹில்’ இதழின் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபன் மகிழ்ச்சியோடு வாங்கி 1878 ஜூன், ஜூலை இதழ்களில் வெளியிட்டார். இவர் பிற்காலத்து எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் தந்தை. அமெரிக்கப் பதிப்புரிமையை உறுதிசெய்வதற்குள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் திருட்டுப் பதிப்புகள் வந்துவிட்டன. ஹார்ப்பர் நிறுவனம் போட்ட மலிவுப் பதிப்பு சில வாரங்களில் 20,000 பிரதி விற்றது. அமெரிக்காவில் அந்தக் கதையால் தமக்குக் கிடைத்தது மொத்தம் 200 டாலர் என்று ஜேம்ஸ் நண்பர் ஹோவெல்ஸுக்கு எழுதினார். கடைகளில் டெய்ஸி மில்லர் தொப்பி வந்தது. சமூகமே டெய்ஸி கட்சி, எதிர்க்கட்சி என்று ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்துவிட்டதாக ஹோவெல்ஸ் 1879-இல் ஒரு கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

அந்தச் சண்டையில் ஒன்று ஜேம்ஸின் வாசல் வரைக்கும் வந்தது. எலைசா லின் லின்டன் என்ற ஆங்கில எழுத்தாளர், டெய்ஸியைப் பற்றிய வாக்குவாதமும் ஒரு காரணமாகத் தம் அருமையான நட்பு ஒன்றையே இழந்துவிட்டதாகச் சொல்லி, அவள் வீம்புக்கு ஊரை எதிர்த்தாளா, விவரம் தெரியாமல் நடந்தாளா என்று கேட்டு எழுதினார். இந்த லின்டன்தான் 1868-இல் அக்காலப் பெண்களின் நடை உடை பாவனையைக் கிழித்துப்போட்டு, இங்கிலாந்து முழுக்கப் பேசப்பட்ட ஒரு கட்டுரையை எழுதியவர். அவரே ஒரு கற்பனைப் பெண்ணுக்காக நட்பைத் தொலைத்துக்கொண்டு வந்து நின்றது நல்ல வேடிக்கை. 1880-இல் ஜேம்ஸ் எழுதிய பதிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. டெய்ஸி அப்பாவி, தன் தலைக்கு மேலே நடக்கும் அபவாதம் என்னவென்றே அவளுக்குத் தெரியாது என்று விளக்கியிருக்கிறார்.

ஆனால் கதை அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது. எழுதி முடித்த பிறகும் ஜேம்ஸ் டெய்ஸியை விட்டபாடில்லை. 1882-இல் அதையே நாடகமாக்கினார். அதில் டெய்ஸி பிழைத்தெழுந்து விண்டர்போர்னையே மணக்கிறாள். நியூயார்க்கில் மேடையேற்ற மறுத்துவிட்டார்கள், ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் அச்சில் வந்ததோடு சரி. 1909-இல் வந்த நியூயார்க் பதிப்பில் வாக்கியங்களை இழைத்து இழைத்துத் திருத்தினார், ‘ஓர் ஆய்வு’ என்ற துணைத்தலைப்பை எடுத்துவிட்டார். ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதிரி உருவாக, வகைமாதிரியாக நின்ற பெண், கிழவரின் கையில் மெல்ல மெல்லக் கவிதையாகிவிட்டாள்.

கவிதை என்பது அவருடைய சொந்தச் சொல். அதற்கு வெனிஸ் நினைவு ஒன்று காரணம். சில நண்பர்களோடு கோண்டோலா படகில் போகும்போது, ஓட்டல் படித்துறை ஒன்றில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் ஊரே திரும்பிப் பார்க்கும்படி நடந்துகொண்டிருந்தார்கள். இதோ அசல் டெய்ஸி மில்லர்கள் என்றார் படகில் ஒருவர். விருந்தளித்த பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்களோடு அவளை ஒப்பிடலாமா, பரிதாபமான ஒரு ரகத்தை எடுத்து அழகாக்கி, நம்மைத் தீர்ப்பே சொல்ல முடியாதபடி செய்துவிட்டவரல்லவா இவர் என்று ஜேம்ஸைப் பார்த்துச் சொன்னார். பாராட்டுக்குள் ஒரு குத்தலும் இருந்தது. ஜேம்ஸ் ஒத்துக்கொண்டார். படித்துறையில் நின்ற அந்த இரண்டு பெண்களின் பக்கம் பேச அந்தப் படகில் யாரும் இல்லை. புத்தகத்து டெய்ஸிக்காக உருகியவர்கள்தான் நிஜ டெய்ஸிகளுக்கு முகம் சுளித்தார்கள். உயிரோடிருக்கும் பெண்ணுக்குக் கிடைக்காத சலுகை செத்தவளுக்கும் கதையில் வருபவளுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

ஜேம்ஸின் சொந்த வாழ்விலும் இது ஒருமுறை நடந்திருக்கிறது. மின்னி டெம்பிள் அவருடைய அத்தை மகள், 1845-இல் பிறந்தவள், சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவள். பதினாறு வயதை ஒட்டித் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அவள் எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865 கோடையில் நார்த் கான்வேயில், போர்க்களத்திலிருந்து திரும்பிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், ஜான் கிரே முதலிய இளைஞர்களோடு உட்கார்ந்து கடவுள், வாழ்க்கை என்று சரிக்குச் சரி வாதாடியவள். டெய்ஸியைப் போல விவரம் அறியாதவள் இல்லை. நினைத்ததைச் சொல்லும் துணிச்சல் மட்டும் இருவருக்கும் பொது. ஹென்றியின் அண்ணன் வில்லியத்துக்குப் பல ஆண்டுகள் அவளைப் பிடிக்கவில்லை. 1869 டிசம்பரில்தான், அவளுக்கு நெடுங்காலம் அநியாயம் செய்துவிட்டேன் என்று தம்பிக்கு எழுதினார். அப்போதே காசநோய் முற்றியிருந்தது. ரோமைப் பார்க்க ஆசைப்பட்ட மின்னி பார்க்காமலேயே 1870 மார்ச் மாதம் 24 வயதில் இறந்தாள். இங்கிலாந்தில் மால்வெர்னில் இருந்த ஹென்றிக்குச் செய்தி எட்டியதும் வில்லியத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மாறிக்கொண்டே இருக்கும் உலகத்தை விட்டு மாறாத எண்ண உலகத்துக்கு அவள் வந்துவிட்டதில் ஒருவிதமான ஆறுதல் இருப்பதுபோலக்கூட அதில் எழுதியிருக்கிறார். வெனிஸ் படகுப் பேச்சுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஏறக்குறைய எழுபது வயதில், வில்லியமும் போய்ச் சேர்ந்த பிறகு, மின்னி ஜான் கிரேக்கு எழுதிய கடிதக் கட்டு ஜேம்ஸின் கைக்கு வந்தது. தம் நினைவுகளின் இரண்டாம் தொகுதியை எழுதிக்கொண்டிருந்தவர், 1914-இல் வெளிவந்த அந்த நூலின் கடைசி அத்தியாயத்தை அந்தக் கடிதங்களைக் கொண்டே அமைத்தார். அவளுடைய சாவோடு தம்முடைய இளமையும் வில்லியத்தின் இளமையும் முடிந்தது என்று முடித்தார். கடிதங்களை அப்படியே தந்திருப்பதாகத்தான் படித்தவர்கள் நம்பினார்கள். ஆனால் வில்லியத்தின் மனைவி ஆலிஸ் அவற்றை அனுப்புமுன் நகல் எடுத்து வைத்திருந்தார். ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஹபெகர் பின்னாளில் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஜேம்ஸ் சொற்களை மாற்றியிருப்பதும், வாக்கியங்களை மெருகேற்றியிருப்பதும், சில இடங்களை விட்டுவிட்டதும் வெளிவந்தது. மூலக் கடிதங்கள் இப்போது இல்லை. மின்னியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜேம்ஸின் நூலை ஒரு பக்கமும் ஆலிஸ் எடுத்த நகல்களை மறு பக்கமும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.